எஞ்சினுக்குப் பின்னால் உட்காருகிறவர்கள்

அந்தக் காரில் ஸ்டார்ட்டர் கிடையாது, பேட்டரி கிடையாது, ரேடியேட்டர் கிடையாது. பின்னச்சுக்கு ஸ்பிரிங் இல்லை, முன்சக்கரங்களுக்குப் பிரேக் இல்லை. கதவு, கண்ணாடி, விளக்கு என்ற பேச்சுக்கே இடமில்லை. கால் மைல் தூரத்தை எட்டு நொடிக்குள் கடக்க எதெல்லாம் வேண்டாமோ அதையெல்லாம் கழித்துக் கட்டியபின் மிஞ்சுவதுதான் டிராக்ஸ்டர். நீளமான குழாய்ச் சட்டம், அதன் மேல் ராட்சச எஞ்சின், அதற்கும் பின்னால், பின்னச்சையும் தாண்டிக் கடைக்கோடியில், கவணில் வைத்த கல் மாதிரி ஓட்டுகிறவர். ஸ்லிங்ஷாட் என்றே அதற்குப் பெயர். 1950களின் நடுவிலிருந்து 1970 வரை டிராக் ரேஸ் என்றால் இந்த வடிவம்தான். அப்புறம் இரண்டு மூன்று வருடத்துக்குள் அடியோடு ஒழிந்துபோனது.

ஒழிந்துபோன அந்த வடிவத்தில், 1963ஆம் ஆண்டு வாக்கில் எப்படிக் கட்டியிருப்பார்களோ அப்படியே, ஒரு காரை வெறும் குழாயிலிருந்து ஒருவர் கட்டி எழுப்பியதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். லாஸ் ஏஞ்சலஸுக்குத் தெற்கே கார்டினாவில் அவருடைய பட்டறை. பெயரைப் போடுவதில் அவருக்கு விருப்பம் இருக்காது. பெரியவர் என்றே எழுதுகிறேன். என் மனசுக்குள் அவரை அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

நான் கோவைக்காரன். கணபதியில் அப்பாவின் லேத் பட்டறையில் வளர்ந்தவன். தூங்கி எழுந்தால் கட்டிங் ஆயில் வாசம். 2000களின் நடுவில் டாரன்ஸில் விமான உதிரிபாகம் செய்யும் ஒரு நிறுவனத்தில் எனக்கு வேலை. சி.என்.சி. இயந்திரங்களுக்கு நிரல் எழுதிக் கொடுப்பேன். ஒரு சனிக்கிழமை, வாசலில் பழைய ஃபோர்டு பிக்கப்பை நிறுத்திவிட்டு, எழுபதைத் தாண்டிய ஒரு மனிதர் பழுப்புக் காகிதத்தோடு உள்ளே வந்தார். காகிதத்தில் பென்சிலால் போட்ட வரைபடம். சூப்பர்சார்ஜர் புல்லிக்குப் பின்னால் வைக்கும் ஓர் அலுமினிய வளையம். அளவுகள் அங்குலத்தில், கோணல்மாணல் இல்லாத கையெழுத்தில். முதலாளிக்குப் பழக்கமானவர் போல. நான் வெட்டிக் கொடுத்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து தன் மைக்ரோமீட்டரை எடுத்து, வளையத்தைச் சுற்றி ஐந்தாறு இடங்களில் அளந்து பார்த்தார். அப்புறம்தான் என் முகத்தையே பார்த்தார். எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டார். அப்பாவைப் பற்றிச் சொன்னேன். அடுத்த வாரம் பட்டறைக்கு வா என்றார். போனவன் வருடக்கணக்கில் போய்க்கொண்டே இருந்தேன்.

பட்டறையின் நடுவே பெரிய இரும்புக் கர்டர்கள் இரண்டு, தரைக்கு மட்டம் பார்த்துக் கால்மேல் நிறுத்தியவை. சட்டத்தை அசையாமல் பிடிக்கும் ஜிக் அதுதான். அதன் மேல் குரோம்மாலி குழாய்கள். குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகு அது. விமானச் சட்டங்களுக்காக வந்து, பந்தயக் கார்களுக்குக் குடிபெயர்ந்தது. இளவயதில் லாங் பீச்சில் விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர் பெரியவர். தென்கலிஃபோர்னியாவில் இந்த விளையாட்டு பிறந்ததற்கு அந்தத் தொழிற்சாலைகளும் ஒரு காரணம். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் உபரி விமானப் பொருட்கள் அடிமாட்டு விலைக்குக் கிடைத்தன. பெல்ட், பம்ப், இருக்கை எல்லாமே. போர் விமானங்களின் இறக்கைக்கடியில் தொங்கும் எரிபொருள் தொட்டியை வாங்கி, அதற்குள் எஞ்சினை வைத்து வறண்ட ஏரிப் படுகையில் ஓட்டியவர்கள்கூட உண்டு. பில் பர்க் என்பவர் 1946இல் அதைத் தொடங்கிவைத்தார். விமானத் தொழிற்சாலையில் பகலெல்லாம் வெல்டிங் செய்தவன் ராத்திரியில் தன் காருக்கும் செய்தான். கை ஒன்றுதான்.

குழாயோடு குழாய் சேரும் இடத்தை அவர் பொருத்துவதைச் சொல்ல வேண்டும். ஒரு குழாயின் முனை இன்னொரு குழாயின் உருண்டையான முதுகில் போய் உட்கார வேண்டுமென்றால் முனையை வளைவாக வெட்டியாக வேண்டும். இதை வெட்ட இயந்திரம் உண்டு, அவரிடமும் இருந்தது. முக்கால் வேலையை அதில் முடித்துவிட்டு மிச்சத்துக்கு அரத்தை எடுப்பார். அரைவட்ட அரம். நாலு இழுப்பு, பொருத்திப் பார்ப்பு. மறுபடி இரண்டு இழுப்பு. கடைசியில் குழாய்க்குப் பின்னால் கைவிளக்கைப் பிடிக்கச் சொல்லுவார். இணைப்பில் நூலளவு வெளிச்சம் கசிந்தாலும் மறுபடி அரம். வெல்டிங் கம்பி உருகி அந்தச் சந்தை நிரப்பிவிடாதா என்று கேட்டேன். நிரப்பும், ஆறும்போது இழுக்கும், ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு மயிரிழை இழுத்தால் முன்னச்சு வந்து சேரும்போது சட்டம் வாழைப்பழம் மாதிரி வளைந்திருக்கும் என்றார். ஆர்கான் வெல்டிங் என்று நம் ஊரில் சொல்வோமே, அதைத்தான் அவர் செய்தார். ஆனால் எந்த இணைப்புக்குப் பிறகு எந்த இணைப்பு என்பதில் ஒரு வரிசை வைத்திருந்தார். இடப்பக்கம் மேலே ஒன்று, வலப்பக்கம் கீழே ஒன்று, அப்புறம் பின்கோடிக்குப் போய் ஒன்று. பார்க்கிறவனுக்குத் தாறுமாறாகத் தெரியும். ஜிக்கைத் தளர்த்திய அன்று சட்டம் அசையாமல் அப்படியே நின்றது.

அந்த வரிசை எந்தப் புத்தகத்திலும் இல்லை. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பொமோனாவில் வாலி பார்க்ஸ் பெயரில் டிராக் ரேஸுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. 1951இல் தேசிய ஹாட் ராட் சங்கத்தைத் தொடங்கியவர் பார்க்ஸ். பெரியவர் ஒருமுறை என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனார். மற்றவர்கள் பெயிண்டையும் குரோமியப் பளபளப்பையும் பார்த்துக்கொண்டிருக்க, இவர் முட்டி போட்டு உட்கார்ந்து ஒரு பழைய டிராக்ஸ்டரின் அடிவயிற்றைப் பார்த்தார். வெல்டிங் தழும்பைக் காட்டி, இவன் இங்கே தொடங்கியிருக்கிறான், இந்த இடத்தில் கை மாற்றியிருக்கிறான், இங்கே அவசரப்பட்டிருக்கிறான் என்று படித்துக் காட்டினார். கண்ணாடித் தடுப்புக்குள் நிற்கிற காரை நான் குறை சொல்லவில்லை. அது இருக்க வேண்டும். ஆனால் எப்படிச் செய்தார்கள் என்பதைச் சொல்ல, செய்யத் தெரிந்த ஓர் ஆள் உயிரோடு இருந்து, மறுபடியும் செய்தாக வேண்டும். பழைய பாணியில் புதுக் கார் கட்டுவதைப் போலி என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடே இல்லை. தஞ்சாவூர்ப் பக்கம் இன்றைக்கும் ஒருவர் பழைய முறையில் வீணை செய்தால் அதைப் போலி என்றா சொல்கிறோம்?

எஞ்சின் கதை தனி. 392 கன அங்குல கிரைஸ்லர் ஹெமி, அதாவது 6.4 லிட்டர். 1957, 1958 இரண்டே வருடம்தான் கார்களில் வந்தது. எரியறை அரைக்கோள வடிவம், வால்வுகள் எதிரும் புதிருமாகச் சாய்ந்து நிற்பதால் பெரிய வால்வு வைக்க இடம் தாராளம், நடுவில் ஸ்பார்க் பிளக். ஒவ்வொரு வால்வு மூடியின் நடுமுதுகிலும் பிளக்குகள் நாலும் வரிசையாகக் குழிக்குள் இறங்குவதைப் பார்த்தாலே ஹெமி என்று தெரிந்துவிடும். சொகுசுக் காருக்காகச் செய்த எஞ்சினைப் பழைய கார்கள் குவிந்த காயலான் கடைகளில் தேடித் தேடி எடுத்துத்தான் அந்தக் காலத்துப் பையன்கள் பந்தயம் ஓடினார்கள். பெரியவருக்கு இப்போது கிடைத்தது அரிசோனாவில், ஒரு பண்ணையின் நீர்ப்பம்பை ஓட்டிக்கொண்டிருந்த எஞ்சின். பிளாக்கை இறக்கிக் கழுவி, விரிசல் இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்த பிறகுதான் அன்று அவர் சாப்பிட உட்கார்ந்தார்.

மேலே உட்காரும் சூப்பர்சார்ஜரும் இரவல் பொருள்தான். ஜெனரல் மோட்டார்ஸின் 6-71 டீசல் எஞ்சினில் வந்தது. ஆறு சிலிண்டர், ஒவ்வொன்றும் 71 கன அங்குலம் என்பதால் அந்த எண். இரண்டு ஸ்ட்ரோக் டீசல் தானாகக் காற்றை இழுத்துக்கொள்ளாது, வெளியிலிருந்து தள்ள வேண்டும். அதற்காகப் பஸ்ஸிலும் லாரியிலும் இருந்த காற்றுத்தள்ளியை யாரோ ஒரு புண்ணியவான் கழற்றி பெட்ரோல் எஞ்சின் மேல் வைத்துப் பார்த்திருக்கிறார். நகரப் பேருந்து மூச்சுவிடச் செய்த சாதனம் இப்படித்தான் மணிக்கு இருநூறு மைலுக்கு வந்து சேர்ந்தது.

எரிபொருள் நைட்ரோமீத்தேன். ஒரு கிலோ பெட்ரோல் சுத்தமாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். நைட்ரோவுக்கு 1.7 கிலோ போதும், ஏனென்றால் ஆக்சிஜனைத் தன் மூலக்கூறிலேயே சுமந்துகொண்டு வருகிறது. அதே காற்றுக்குப் பல மடங்கு எரிபொருளை ஊற்றலாம், அவ்வளவு சக்தி. அவ்வளவு ஆபத்தும்கூட. 1957இல் தேசிய சங்கம் நைட்ரோவுக்குத் தடை போட்டு, ஆறேழு வருடம் கழித்துத்தான் எடுத்தது. பெரியவர் அதை மெத்தனாலோடு கலந்து, ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டு, வெப்பமானியையும் பார்த்து விகிதத்தைக் கணக்கிடுவார். புகை மூக்கில் ஏறினால் கண் எரிந்து தாரை தாரையாக நீர் வழியும். அதைத் தேடிக்கொண்டு வருகிற கூட்டம் இருக்கிறது. நானும் அதில் ஒருவன் ஆகிவிட்டேன்.

மூக்குப் பகுதிக்கான அலுமினியத் தகட்டை அவர் பதப்படுத்தியதுதான் எனக்கு எல்லாவற்றிலும் பிடித்த காட்சி. அலுமினியம் உருகப்போவதை நிறம் மாறிக் காட்டாது, திடீரென்று ஓட்டை விழும். அதனால் முதலில் ஆக்சிஜனை மூடிவிட்டு வெறும் அசிட்டிலின் சுடரைத் தகட்டின் மேல் காட்டுவார். தகடு முழுக்கக் கன்னங்கரேலென்று புகைக்கரி படியும். பிறகு ஆக்சிஜனைத் திறந்து நீலச் சுடரை மெல்ல ஓட்டுவார். கரி எங்கே எரிந்து மறைகிறதோ அந்த இடம் போதிய சூட்டுக்கு வந்துவிட்டது என்று கணக்கு. கரி முழுக்கப் போனதும் ஆறவிட்டால் தகடு தோல் மாதிரி கைக்கு வளையும். அதைத் தோல் மணல்மூட்டை மேல் வைத்து மரச் சுத்தியால் குழித்து, உருளைகளுக்கு நடுவே விட்டு விட்டு எடுத்து மேடுபள்ளத்தைச் சமன் செய்வார். அடிக்க அடிக்கத் தகடு இறுகும். இறுகினால் மறுபடி கரி, மறுபடி சுடர். ஒரு மூக்குக்கு ஒரு வாரம். கண்ணை மூடி உள்ளங்கையால் தடவிப் பார்த்து, இங்கே ஒரு மேடு இருக்கிறது என்பார். எனக்கு எதுவும் தட்டுப்படாது. வெள்ளைச் சுவர் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் அங்கே மேடு இருக்கும்.

இவ்வளவும் எதற்கு, அதுவும் கைவிடப்பட்ட ஒரு வடிவத்துக்கு என்ற கேள்வி எனக்கு ஆரம்பத்திலிருந்தே இருந்தது. கைவிட்டதற்கு நியாயம் உண்டு. டான் கார்லிட்ஸ் என்று ஃப்ளோரிடாக்காரர் ஒருவர். தன் கார்களுக்கெல்லாம் ஸ்வாம்ப் ராட் என்று பெயர் வைத்து எண் போட்டுக்கொண்டு வந்தவர். இந்த விளையாட்டில் அவருக்கு மேல் பெயர் கிடையாது. 1970 மார்ச் 8, லாங் பீச்சுக்குப் பக்கத்தில் லயன்ஸ் டிராக் ஸ்ட்ரிப். பச்சை விழுந்து கார் பாய்ந்த மாத்திரத்தில் அவர் கால்களுக்கு நடுவே இருந்த கியர்ப்பெட்டி வெடித்தது. கார் இரண்டாக ஒடிந்தது. வலது பாதத்தின் ஒரு பகுதி போய்விட்டது. மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தபடியே, எஞ்சினை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகும் காரை அவர் யோசித்தார். அதற்கு முன்னும் பலர் முயன்றார்கள், கார் நேராகப் போகாமல் அலைந்தது. ஸ்டியரிங்கின் வேகத்தைக் குறைத்துக் கார்லிட்ஸ் குழுவினர் அதைச் சரிசெய்தார்கள். 1971இல் அந்த ஸ்வாம்ப் ராட் 14 பொமோனாவின் விண்டர்நேஷனல்ஸ் பந்தயத்தை வென்றது. அதோடு எல்லாரும் எஞ்சினைப் பின்னால் தள்ளிவிட்டார்கள்.

அந்த மார்ச் எட்டாம் தேதி பெரியவர் லயன்ஸில்தான் இருந்தார், வேறொரு குழுவின் கையாளாக. அந்த இடத்தை எனக்குக் காட்டவும் செய்தார். ஆலமீடா தெருவை ஒட்டி, துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர்கள் மலையாக அடுக்கிக் கிடந்தன. 1955இல் திறந்து, அக்கம்பக்கத்தார் இரைச்சல் தாங்கவில்லை என்று புகார் கொடுத்ததில் 1972 டிசம்பர் 2ஆம் தேதி மூடினார்கள். கடைசி இரவில் நினைவுப்பொருளாகத் தார்த் துண்டைப் பெயர்த்துக்கொண்டு போனவர்களைப் பற்றிச் சொன்னார். கம்பி வேலிக்கு வெளியே வண்டியை நிறுத்திக்கொண்டு, கார்லிட்ஸ் செய்தது நூற்றுக்கு நூறு சரி என்றார். அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. உயிரோடு இருந்திருக்க வேண்டிய சினேகிதர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். எண்ணெய் வெடித்து முகத்தில் தீயாக வந்து விழுந்தவர்கள், கிளட்ச் சிதறியதில் போனவர்கள்.

அதனால்தான் தன் காரில் அவர் ஒரு விஷயத்தில் மட்டும் 1963ஐ மதிக்கவில்லை. வெளியே பார்க்கப் பழைய கூடு. உள்ளே இன்றைய விதிப்படி உடம்பைச் சுற்றி முழுக் கூண்டு, கிளட்ச்சுக்குத் தடித்த எஃகு உறை, சூப்பர்சார்ஜர் வெடித்தால் பறந்துவிடாமல் பிடிக்கும் பட்டைகள், ஓட்டுகிறவர் கைகள் வெளியே வீசப்படாமல் இருக்க வார்கள். கூண்டின் கூடுதல் குழாய் பழைய அழகைக் கெடுக்கிறது என்று ஒருவர் சொன்னபோது பெரியவருக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. காரை ஓட்டப்போவது அவருடைய மகள்.

சரி, ஆபத்து தெரிந்தும் ஏன் முன் எஞ்சின்? அவர் சொன்ன பதில் முழுக்கத் தொழில்நுட்பம். எஞ்சினின் இருபுறமுமாக எட்டுப் புகைக்குழாய்கள் மேல்நோக்கி வளைந்து நிற்கும். நைட்ரோ எரியும்போது ஒவ்வொரு குழாயிலிருந்தும் மஞ்சள் சுடர் எழும். பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு எட்டுச் சுடரும் கண்ணெதிரே. ஒன்று அணைந்து வெள்ளை ஆவி கிளம்பினால் அந்தச் சிலிண்டர் செத்துவிட்டது என்று அந்தக் கணமே தெரியும், காலை எடுத்துவிடலாம். எஞ்சின் முதுகுக்குப் பின்னால் போனதும் ஓட்டுகிறவருக்கு அந்தப் பார்வை போய்விட்டது. இப்போதைய கார்களில் அதற்கெல்லாம் கணினி இருக்கிறது, தவறில்லை என்றார். எஞ்சினைக் கண்ணால் படித்துக்கொண்டே ஓட்டுகிற ஒரு திறமை இருந்தது, அது வேலை செய்வதை மறுபடி பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

மகள் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. 1973இல், நைட்ரோ டிராக்ஸ்டர்களின் உச்சப் பிரிவான டாப் ஃபியூயலுக்கு உரிமம் வாங்கிய முதல் பெண்ணான ஷெர்லி மல்டௌனியின் படம் பட்டறைச் சுவரில் உண்டு. 1977, 1980, 1982 மூன்று முறை அவர் சாம்பியன். அந்தப் படத்தை மாட்டியது தான்தான் என்றும், அப்போது தனக்குப் பத்து வயதுகூட ஆகவில்லை என்றும் மகள் சொன்னார்.

வசந்தகாலத்தில் பேக்கர்ஸ்ஃபீல்டுக்கு வடக்கே ஃபமோசோவில் மார்ச் மீட் என்ற பந்தயம் நடக்கும். அதை 1959இல் தொடங்கிவைத்தது ஸ்மோக்கர்ஸ் என்ற கார்க் கிளப். ஃப்ளோரிடாவிலிருந்து கார்லிட்ஸ் முதன்முதலாக மேற்குக் கரைக்கு வந்தது அதற்குத்தான். ஆனால் வென்றவர் கலிஃபோர்னியாக்காரரான ஆர்ட் கிரிஸ்மன். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் பழத்தோட்டமும் பாதாம் தோட்டமும். ஓடுபாதை பழைய போர்க்கால விமானத்தளம். சான்டா ஆனாவில் 1950இல் தொடங்கிய பந்தயமும் விமான ஓடுபாதையில்தான். இங்கிலாந்தின் சான்டா பாட் அப்படித்தான். கார்ப் பந்தயம் நடந்த நம் சோழவரமும் அப்படித்தான். சின்ன வயதில் அப்பா என்னை ரயிலேற்றிச் சோழவரத்துக்குக் கூட்டிப்போயிருக்கிறார். கோவைப் பட்டறைகளில் கட்டிய கார்கள் அங்கே ஓடும்போது பெயர் சொல்லிக் கத்துவார்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பொமோனாவில் பாதை வந்ததற்குக் காரணமாக இருந்தவர்களில் ஒருவர் அந்த ஊர் போலீஸ் தலைவர் ரால்ஃப் பார்க்கர். தெருவில் ரேஸ் விட்ட பையன்களைத் துரத்திக்கொண்டே இருப்பதைவிட அவர்களுக்கு ஓர் இடம் கொடுப்பது மேல் என்று நினைத்த மனிதர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ராத்திரி பைக் ரேஸில் பிள்ளைகள் சாகிற செய்தியைப் படிக்கும்போதெல்லாம் அவர் ஞாபகம் வருகிறது. கால் மைல் நேர்ப்பாதை, இருபுறம் தடுப்பு, ஓர் ஆம்புலன்ஸ், ஹெல்மெட் போட்டிருக்கிறானா என்று பார்க்கும் ஒரு பெரிய மனிதர். வாரம் ஒருநாள் இவ்வளவு கொடுத்தால் போதும்.

ஃபமோசோவில் எங்கள் காரைக் கிளப்பியதைச் சொல்கிறேன். ஸ்டார்ட்டர் இல்லாததால் பிக்கப்பின் முன்பம்பரைக் காரின் முதுகில் முட்டவைத்துத் தள்ள வேண்டும். பெரியவர் பிக்கப்பில். நான் பக்கத்து இருக்கையில். முதல் நூறடிக்கு எஞ்சின் சும்மா சுற்றும், எண்ணெய் அழுத்தம் ஏறும்வரை. மகள் இடது கையால் எரிபொருள் வால்வைத் திறந்ததைப் பார்த்தேன். ஓரிரு கணம் கழித்து பிளக்குகளுக்குப் பொறி தரும் மேக்னட்டோவின் சுவிட்சைத் தட்டினார். கறுப்பும் சிவப்புமான அந்தக் கார் எங்கள் பம்பரை விட்டுத் தானாக முன்னே போனது. சத்தம் காதில் கேட்பதற்கு முன் நெஞ்சுக்கூட்டில் கேட்டது. பெரியவர் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு எட்டுச் சுடரையும் வாய்விட்டு எண்ணினார்.

மஞ்சள் விளக்குகள் இறங்கிப் பச்சை விழுந்தது. இரண்டு டயரும் ஒரே வெண்புகையானது. அந்தப் புகைக்குள்ளிருந்து மூக்கு மட்டும் நேராக வெளியே வந்தது. பிக்கப்பை விட்டிறங்கி நின்றிருந்த பெரியவர், கடைக்கோடியில் பாராசூட் விரிந்ததைக் கண்டபிறகுதான் உட்கார்ந்தார். எட்டு நொடிக்குச் சற்றுக் குறைவு, மணிக்கு 190 மைலுக்குச் சற்று மேல். இன்றைய டாப் ஃபியூயல் கார்கள் ஆயிரம் அடியை நாலு நொடிக்குள் கடந்து 330 மைலைத் தொடுகின்றன. பிரமிப்பான விஷயம்தான். ஆனால் கண் இமைத்துத் திறப்பதற்குள் போய்விடுகின்றன. இந்தக் கார் ஓடுவதை முழுதாகப் பார்க்க முடிந்தது. சட்டம் நடுவில் மேலேறி வளைந்தது, ஸ்போக் வைத்த முன்சக்கரங்கள் பாதையைத் தொட்டும் தொடாமலும் ஓடின.

திரும்பி வந்ததும் பிளக்குகள் எட்டையும் கழற்றி ஓர் அட்டையில் துளையிட்ட வரிசையில் குத்திவைத்தோம். ஆறாவது பிளக்கின் முனைக்கம்பி மட்டும் நுனியில் எரிந்து தேய்ந்திருந்தது. அந்தச் சிலிண்டருக்கு எரிபொருள் போதவில்லை. பெரியவர் நைட்ரோ விகிதத்தைக் கொஞ்சம் குறைத்துவிடலாம் என்றார். மகள் கையுறையைக் கழற்றாமலே, வேண்டாம், எரிபொருளைப் பீய்ச்சும் ஆறாவது நாசிலை மட்டும் ஒரு அளவு பெரிதாகப் போடுங்கள் என்றார். பாதி தூரத்துக்கு மேல் அந்தச் சுடர் மட்டும் மற்றவற்றைவிடக் குட்டையாக எரிந்ததை உள்ளேயிருந்து பார்த்தாராம். மற்ற ஏழும் நன்றாகவே இருக்கின்றன, எல்லாவற்றையும் ஏன் குறைக்க வேண்டும் என்று கேட்டார். பெரியவர் மறுத்தார். வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது, காற்று மெலியும் என்றார். மகள் விடவில்லை. கணக்கு டீச்சர் குரலில் எண்களைச் சொன்னார். பட்டறையில் வேலை கற்கும் பையன்கள் இரண்டு பேர் ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு யார் பக்கம் தலையாட்டுவது என்று தெரியாமல் நின்றார்கள். கொஞ்ச நேரம் பிளக்கையே திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பெரியவர் நாசில் டப்பாவைத் திறந்து பெரியதைத் தேடி எடுத்து மகள் கையில் கொடுத்தார். மகளே மாட்டினார்.

மாலை ஓட்டத்தில் பாதைக்கோடிவரை எட்டும் ஒரே உயரத்தில் எரிந்தன. நேரச் சீட்டைக் கொண்டுவந்து நீட்டியபோது காலையைவிடக் கொஞ்சம் குறைந்திருந்தது. பெரியவர் சீட்டை வாங்கிப் பையன்களிடம் கொடுத்து, தேதியும் வெப்பநிலையும் நாசில் அளவும் பின்பக்கத்தில் எழுதச் சொன்னார். மகள் சொன்னது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள் என்றார்.